லெக்சரை விட்டு ஆக்டிவ் லேர்னிங்குக்கு மாறுறதுல உண்மையிலேயே பலன் இருக்கா? எங்க ஆரம்பிக்கிறது?

கேள்வியோட சாரம் இது: காலேஜ்ல பல வருஷமா லெக்சர் எடுக்கறேன், பசங்களும் நல்லா புரியுதுன்னு தான் சொல்றாங்க. இப்ப ஆக்டிவ் லேர்னிங்குக்கு மாறணும்னு ட்ரெயினிங்ல சொல்றாங்க. குரூப் டிஸ்கஷன் வச்சுப் பார்த்தேன், ஒரே இரைச்சல், பாதி பேர் வேற கதை பேசுனாங்க, சிலபஸும் அப்படியே நின்னுடுச்சு. இதெல்லாம் தேவையா, தேவைன்னா எப்படி மாறுறது?

பலன் இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பலன் பெஞ்சைத் திருப்பிப் போடறதுலயோ, ஆறு ஆறு பேரா பிரிச்சு உட்கார வைக்கறதுலயோ, சார்ட் பேப்பர் ஒட்டறதுலயோ வர்றதில்ல. கிளாஸ்ல யோசிக்கிற வேலையை யார் செய்யறாங்கங்கறது தான் விஷயம். லெக்சர்ல அந்த வேலை முழுக்க உங்களோடது, எதை முதல்ல சொல்றது, எது எதோட சேரும், எங்க தப்பு வரும்னு எல்லாத்தையும் நீங்களே யோசிச்சு முடிச்சு, முடிஞ்ச பண்டத்தை அவங்க கையில குடுக்கறீங்க, அவங்க எழுதிக்கறாங்க. அந்த வேலையில ஒரு பங்கை அவங்க தலையில ஏத்தறது தான் ஆக்டிவ் லேர்னிங். குரூப், கிளிக்கர் (பட்டனை அழுத்தி ஓட்டுப் போடற கருவி), ஆப் எல்லாம் அதுக்கு உதவுனா வச்சுக்கலாம், உதவலன்னா தூக்கிப் போட்டுடலாம்.

ஆதாரம் என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பல ட்ரெயினிங்ல இதைச் சரியா சொல்றதே இல்ல. 2014-ல ஸ்காட் ஃப்ரீமேன் குழு, கல்லூரி அளவுல அறிவியல், பொறியியல், கணிதம் சொல்லிக் குடுக்கறதைப் பத்தின 225 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசுனாங்க. வெறும் லெக்சர் நடந்த கிளாஸ்கள்ல சராசரியா 33.8 சதவீதம் பேர் ஃபெயில், ஆக்டிவ் லேர்னிங் நடந்த கிளாஸ்கள்ல 21.8 சதவீதம். அதாவது லெக்சர்ல ஃபெயில் ஆகற வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எக்ஸாம் மார்க் சராசரியா சுமார் 6 சதவீதம் கூடுச்சு. 6 தானான்னு தோணலாம், ஆனா பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவுல நிக்கற பசங்களுக்கு அது பெரிய தூரம். 2020-ல வந்த இன்னொரு தொகுப்பாய்வுல, படிப்புல பின்தங்க வைக்கப்பட்ட சமூகங்கள், வருமானம் குறைஞ்ச குடும்பங்கள்ல இருந்து வர்ற மாணவர்களுக்கும் மத்தவங்களுக்கும் இருக்கற மார்க் இடைவெளி, ஆக்டிவ் லேர்னிங் கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு சுருங்குச்சு, பாஸ் ஆகற விகிதத்துல இருந்த இடைவெளி 45 சதவீதம் சுருங்குச்சு. என்னைக் கேட்டா இந்த ரெண்டாவது விஷயம் தான் ரொம்ப முக்கியம். வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கற பிள்ளை லெக்சர்ல விட்டதை வீட்ல பிடிச்சுக்கும், அந்த வசதி இல்லாத பிள்ளைக்கு நம்ம கிளாஸ் மட்டும் தான் இருக்கு.

அதுக்கும் முன்னாடி 1998-லயே ரிச்சர்ட் ஹேக்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் 62 கோர்ஸ்கள்ல 6,542 மாணவர்களோட மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தார். கோர்ஸ் ஆரம்பத்துல ஒரு டெஸ்ட், முடிவுல அதே டெஸ்ட். ஆரம்பத்துல தெரியாம இருந்ததுல எவ்வளவு பங்கை கத்துக்கிட்டாங்கங்கறது தான் கணக்கு. லெக்சர் கோர்ஸ்கள்ல சராசரி 0.23, மாணவர்களைப் பேச வச்சு யோசிக்க வச்ச கோர்ஸ்கள்ல 0.48. இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க, ஒரு செமஸ்டர் முழுக்க லெக்சர் கேட்ட பிறகும் தெரியாததுல முக்காவாசிக்கு மேல தெரியாமலே இருக்கு. பாடம் எடுத்தவங்க மோசமானவங்க இல்ல, நல்லா எடுக்கறவங்களுக்கும் இதே கதை தான்.

அப்படி நல்லா எடுத்தவர்ல ஒருத்தர் தான் ஹார்வர்ட்ல இயற்பியல் சொல்லிக் குடுத்த எரிக் மசூர். மாணவர்கள் குடுக்கற மதிப்பீட்டுல அவருக்கு நல்ல பேர், அவங்க கஷ்டமான கணக்கெல்லாம் போட்டாங்க. 1990 வாக்குல அவர், இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஹெஸ்டனஸோட குழு உருவாக்குன ஒரு டெஸ்ட்டைத் தன் கிளாஸுக்குக் குடுத்தார், அதுல ஃபார்முலாவே கிடையாது, லாரியும் காரும் மோதுனா எது எது மேல எவ்வளவு விசை குடுக்கும்ங்கற மாதிரி சாதாரண கேள்விகள். அப்ப ஒரு மாணவி கேட்டாங்களாம், நீங்க சொல்லிக் குடுத்தபடி பதில் எழுதணுமா, இல்ல நான் நிஜமா நினைக்கறபடி எழுதணுமான்னு. பாடம் ஒரு பக்கம், அவங்க நம்பிக்கை ஒரு பக்கம், ரெண்டும் சந்திக்கவே இல்ல. அங்கிருந்து தான் 1991-ல அவர் பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒரு முறையை ஆரம்பிச்சார், பக்கத்துல இருக்கற மாணவர்களே ஒருத்தருக்கொருத்தர் விளக்கிக்கற முறை அது. அதைத் தான் உங்களுக்கும் சொல்லப் போறேன், ஏன்னா கூட்டமான கிளாஸுக்கு அதைவிட எளிமையா ஒண்ணு நான் பார்த்ததில்ல.

அதுக்கு முன்னாடி உங்க கேள்வியில இருக்கற ஒரு வரி, "பசங்க நல்லா புரியுதுன்னு சொல்றாங்க". அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கு நிஜமாவே புரிஞ்ச மாதிரி தான் இருக்கும். 2019-ல ஹார்வர்ட்லயே டெலோரியே குழு இதைச் சோதிச்சாங்க. ஒரே பாடம், ஒரே ஹேண்ட்அவுட், அனுபவசாலி ஆசிரியர்கள், மாணவர்களைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் மெருகேத்துன லெக்சர், இன்னொரு பக்கம் அவங்களே சேர்ந்து கணக்கைப் போட்டுப் பார்க்கற கிளாஸ். டெஸ்ட் வச்சா ரெண்டாவது குழுவுக்குத் தான் மார்க் அதிகம், ஆனா நிறைய கத்துக்கிட்டோம்னு சொன்னது முதல் குழு. நல்ல லெக்சர் வழுக்கிக்கிட்டு போகும், கேட்கறவங்களுக்கு எங்கயும் தடுக்காது, அதனால எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். தானா யோசிக்கும்போது திணறும், தப்பு வரும், அதனால எதுவும் புரியலையோன்னு தோணும், ஆனா கத்துக்கறது அங்க தான் நடக்குது. அதனால "புரியுதா?"ன்னு கேட்டு, எல்லாரும் தலையாட்டுனா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

இப்ப மறுபக்கத்தையும் சொல்லணும், அது உங்க அனுபவத்தோட நேரடியா ஒத்துப் போகுது. 2011-ல ஆண்ட்ரூஸ் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முன்னாடி வந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஆசிரியர்களே கல்வி ஆராய்ச்சி பண்றவங்களா இருந்தாங்க, அப்படி இல்லாம சாதாரணமா உயிரியல் எடுக்கற ஆசிரியர்களைக் குலுக்கல்ல தேர்ந்தெடுத்து, அவங்க கிளாஸ்ல எவ்வளவு ஆக்டிவ் லேர்னிங் நடக்குது, பரிணாமத்துல வர்ற இயற்கைத் தேர்வுங்கற பாடத்தைப் பசங்க எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு பார்த்தாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல! ஆக்டிவிட்டி நிறைய பண்ணுனவங்க கிளாஸும் பண்ணாதவங்க கிளாஸும் ஒண்ணு தான். இதைப் படிச்சுட்டு ஆக்டிவ் லேர்னிங் வீண்னு சிலர் சொல்லுவாங்க, நான் அப்படிப் பார்க்கல. ஆக்டிவிட்டி நடக்கறது வேற, மாணவர் மனசுல ஏற்கனவே இருக்கற தப்பான எண்ணத்தோட அது மோதறது வேற. உங்க குரூப் டிஸ்கஷன் இரைச்சலா முடிஞ்சதுக்கும் இதே தான் காரணம்னு நினைக்கறேன். "இந்த டாபிக்கைப் பத்தி டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு சொல்லியிருப்பீங்க. அவங்க எதைப் பேசுவாங்க? ஒருத்தர் நோட்ஸை வாசிப்பார், மத்தவங்க மொபைலைப் பார்ப்பாங்க. பேசறதுக்கு அங்க ஒரு சண்டையே இல்லையே.

சண்டை வர்ற மாதிரி கேள்வி வேணும், மசூரோட முறை நிக்கறதே அதுல தான். ஒரு உதாரணத்தைக் கிட்ட வச்சுப் பார்ப்போம்.

ஒரு பந்தை நேரா மேல எறியறோம். கையை விட்டுப் போயாச்சு, மேல போயிட்டு இருக்கு, இன்னும் உச்சிக்கு வரல. காத்தோட தடையைக் கணக்குல எடுக்க வேண்டாம். இப்ப பந்துல செயல்படற விசை என்ன? அ, கீழ்நோக்கி ஈர்ப்பு விசை மட்டும். ஆ, மேல்நோக்கி ஒரு விசை குறைஞ்சுகிட்டே வருது, கூடவே ஈர்ப்பு. இ, மேல்நோக்கி விசை மட்டும், உச்சிக்குப் போன பிறகு தான் ஈர்ப்பு. ஈ, எந்த விசையும் இல்ல.

நியூட்டனோட மூணு விதியையும் மனப்பாடமா ஒப்பிக்கிற கிளாஸ்ல இதைப் போடுங்க, நிறைய பேர் ஆ-வைத் தூக்குவாங்க. சரியான பதில் அ. முதல்ல ரெண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, தனியா யோசிச்சு நோட்டுல பதிலையும் ஒரு வரி காரணத்தையும் எழுதணும். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல அ, ஆ, இ, ஈ-ன்னு எழுதுன கார்டைத் தூக்கணும், நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். கிளிக்கர் மெஷின் எல்லாம் வேண்டியதில்ல, அட்டையை வச்சுப் பண்ணாலும் கத்துக்கறது குறையறதில்லன்னு 2008-லயே ஒப்பிட்டுப் பார்த்துட்டாங்க. ஓட்டு எண்ணிக்கையைக் கிளாஸுக்குச் சொல்லாதீங்க, இது ரொம்ப முக்கியம், பெரும்பான்மை எதுன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷமே பாதி பேர் யோசிக்காம அந்தப் பக்கம் சாய்ஞ்சுடுவாங்க. அப்புறம், உங்க பதிலும் பக்கத்துல இருக்கறவர் பதிலும் வேற வேறயா இருந்தா அவரை ஒத்துக்க வைங்கன்னு சொல்லிட்டு மூணு நிமிஷம் விடுங்க. அப்ப பெஞ்சுல இப்படித் தான் பேச்சு போகும்:

"மேல போகுதுல்ல, அப்ப மேல தள்ற விசை ஒண்ணு இருந்து தானே ஆகணும்?"

"யாருடா தள்றது? கை தான் எப்பவோ விட்டாச்சே."

"கை குடுத்த விசை பந்துக்குள்ள இருக்கும்டா, அது கொஞ்சம் கொஞ்சமா தீருது, தீர்ந்ததும் கீழ விழுது."

"அப்ப உச்சியில அது ஜீரோவா? உச்சிக்குப் போனதும் ஈர்ப்பும் அதுவும் சமமா இருந்தா பந்து அங்கயே நிக்கணுமே?"

"...இரு இரு."

அந்த "இரு இரு" தான் நமக்கு வேணும். அந்தப் பையன் நினைச்சது முட்டாள்தனம் இல்ல, 14-ஆம் நூற்றாண்டுல ழான் புரிடான்ங்கற பெரிய அறிஞரே, எறியறவர் பொருளுக்குள்ள ஒரு உந்துதலை வச்சு அனுப்பறார், அதுதான் அதைக் கொண்டு போகுதுன்னு விளக்கம் குடுத்திருக்கார். மனுஷனுக்கு இயல்பா வர்ற எண்ணம் அது, நீங்க போர்டுல எத்தனை தடவை விசையும் முடுக்கமும்னு எழுதுனாலும் அது அசையாது, ஏன்னா அந்த எண்ணத்தை யாரும் வெளிய எடுத்துக் கேள்வி கேட்கவே இல்ல. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன் கேட்டா அசையும். நேத்து வரைக்கும் அவனும் அதே தப்பைப் பண்ணுனவன், எங்க இடறும்னு அவனுக்கு நல்லா தெரியும். நமக்கு இருபது வருஷம் முன்னாடியே புரிஞ்சு போனதால, புரியாம இருந்த நிலை எப்படி இருந்துச்சுங்கறதே மறந்து போச்சு.

மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி ஓட்டு. அப்புறம் நீங்க விளக்குங்க. முதல் ஓட்டுல சுமார் 30-லிருந்து 70 சதவீதம் பேர் சரியா சொன்னா தான் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்குங்கறது பொதுவான வழக்கம். 30-க்குக் கீழ போனா பேச விட வேண்டாம், அடிப்படையே போய்ச் சேரல, நீங்களே கொஞ்சம் விளக்கிட்டு மறுபடி கேளுங்க. 70-க்கு மேல போனா ரெண்டு வரியில முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க, தெரிஞ்சதையே பேச விட்டா தான் வேற கதை ஆரம்பிக்கும்.

புத்திசாலிப் பசங்க சொல்றதை மத்தவங்க காப்பியடிக்கறாங்க, அவ்வளவு தானேன்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், நியாயமான சந்தேகம். 2009-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஒரு மரபியல் கோர்ஸ்ல இதைத் தான் சோதிச்சாங்க. பேசி முடிச்சதும், அதே கருத்தை வேற உருவத்துல வச்சு ஒரு புதுக் கேள்வி, அதைத் தனியா தான் போடணும், பேசக்கூடாது. அந்தப் புதுக் கேள்வியிலயும் பசங்க முன்னேறியிருந்தாங்க, அதுல என்னை அசத்துனது என்னன்னா, குரூப்ல ஒருத்தருக்குக் கூட சரியான பதில் தெரியாம இருந்த இடங்கள்ல கூட முன்னேற்றம் இருந்துச்சு. காப்பியடிக்க அங்க ஆளே இல்ல. ஒவ்வொருத்தரும் தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போது ஓட்டை தெரிஞ்சிருக்கு.

அறிவியல் இல்லாத பாடத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. இதே தான். கணக்குப் பதிவியல்ல, "ஒரு மெஷினுக்கு இந்த வருஷம் தேய்மானம் எழுதுனா கம்பெனி கையில இருக்கற ரொக்கம் குறையுமா, கூடுமா, மாறாதா?"ன்னு கேட்டுப் பாருங்க (வரியைக் கணக்குல எடுக்காம). தேய்மானத்தை நாலு முறையில போடத் தெரிஞ்ச மாணவர்களே குறையும்னு சொல்லுவாங்க, ஏன்னா லாபம் குறையுது, லாபம்னா காசுன்னு மனசுல உட்கார்ந்திருக்கு. உண்மையில தேய்மானம் எழுதும்போது பணம் எங்கயும் வெளிய போகல, மெஷின் வாங்குன அன்னைக்கே போயாச்சு. புள்ளியியல்ல, பத்து பேர் சம்பளத்துல அதிகபட்சம் வாங்கறவருக்கு மட்டும் இரட்டிப்பாக்குனா சராசரி, இடைநிலை (வரிசையில நடுவுல வர்ற மதிப்பு) ரெண்டுல எது மாறும், ஏன். வரலாறுன்னா ஒரே சம்பவத்தைப் பத்தி ரெண்டு தரப்பு எழுதுன குறிப்பைக் குடுத்து, எந்த விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப் போறாங்க, எங்க முரண்படறாங்க, அதுல யாருக்கு எதை மறைக்க காரணம் இருக்குன்னு கேட்கலாம், அங்க ஒரே சரியான பதில் இருக்காது, ஆனா ஆதாரம் இல்லாத பதில் நிக்காது, அதுவே ஒரு பாடம்.

இந்த மாதிரி கேள்வி எங்க கிடைக்கும்? உங்ககிட்டயே இருக்கு, பழைய விடைத்தாள் கட்டுல. வருஷா வருஷம் ஒரே இடத்துல ஒரே மாதிரி தப்பு வரும், திருத்தும்போது "இதைத் தான் தெளிவா சொன்னேனே"ன்னு எரிச்சல் வரும் பாருங்க, அந்த இடம் தான். அந்தத் தப்பையே ஒரு ஆப்ஷனா வைங்க, அவங்க வார்த்தையிலயே வைங்க. சும்மா இடத்தை நிரப்பறதுக்கு வைக்கிற அசட்டு ஆப்ஷனால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு நல்ல கேள்வி உருவாக்க அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், ஸ்லைடுக்குக் கலர் மாத்தற நேரத்தை இதுக்குக் குடுங்க, அடுத்த வருஷமும் அதே கேள்வி வேலை செய்யும்.

இரைச்சலைப் பத்தி. ரெண்டு பேர், அதிகபட்சம் மூணு பேர், பக்கத்துல இருக்கறவங்களே போதும். ஆறு பேர் குரூப்ல நாலு பேர் ஒளிஞ்சுக்கலாம், ரெண்டு பேர்ல ஒளிய முடியாது. நேரம் கம்மியா குடுங்க, பத்து நிமிஷம் குடுத்தா ஏழு நிமிஷம் வேற பேச்சு தான். அவங்க பேசும்போது நீங்க மேசைக்குப் பின்னாடி நிக்காதீங்க, நடந்துகிட்டே காது குடுங்க, சரியான பதிலைத் தேடாதீங்க, தப்பான காரணங்களைப் பொறுக்குங்க. அப்புறம் விளக்கும்போது "சிலர் இப்படி நினைச்சிருக்கீங்க, அது ஏன் அவ்வளவு சரின்னு தோணுது, எங்க உடையுது பார்ப்போம்"னு ஆரம்பிங்க, பேர் சொல்லாம. அந்த நிமிஷம் கிளாஸ் எப்படி உத்துக் கேட்கும்ங்கறதை நீங்களே பாருங்க, அஞ்சு நிமிஷம் முன்னாடி அவங்க தானே அதுல பந்தயம் கட்டுனது.

கேள்வி கேட்டுட்டு காத்திருக்கறதும் ஒரு பழக்கம். மேரி பட் ரோங்கற ஆய்வாளர் 1970-கள்ல கிளாஸ்களைப் பதிவு பண்ணிக் கேட்டுப் பார்த்தப்ப, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு விநாடி தான் காத்திருந்தாங்க, அதுக்குள்ள பதில் வரலன்னா வேற ஆளைக் கேட்டாங்க இல்ல தாங்களே சொல்லிட்டாங்க. அதை மூணு விநாடியாக்குனதும் பதில்கள் நீளமாச்சு, "தெரியல"ங்கறது குறைஞ்சது, வழக்கமா வாயே திறக்காத பிள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க. மூணு விநாடி அமைதி நமக்கு ரொம்ப நீளமா தெரியும், மனசுக்குள்ள எண்ணிக்கோங்க. திடீர்னு ஒருத்தரை எழுப்பி கேட்கறது கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு நடுக்கத்தைக் குடுக்கும், அதனால பேசி முடிச்ச பிறகு "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க, தப்பா இருந்தாலும் பழி ஒருத்தர் மேல விழாது.

அப்ப லெக்சரே வேண்டாமா? வேணும். இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன், ஏன்னா "ஆசிரியர் சொல்லித் தரக்கூடாது, மாணவரே கண்டுபிடிக்கணும்"னு போறவங்களையும் பார்த்திருக்கேன், அது புதுசா கத்துக்கறவங்களைக் கைவிடறது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூணு பேரும் 2006-ல இதைக் கடுமையாவே எழுதுனாங்க: ஒரு விஷயத்துல அடிப்படையே இல்லாதவங்களை வழிகாட்டாம விட்டா மனசுல ஒரே நேரத்துல வச்சுக்கற அளவு நிரம்பி வழிஞ்சு எதுவும் தங்காது. அதனால புது கணக்கு முறைன்னா முதல்ல ஒண்ணை முழுசா போட்டுக் காட்டுங்க, ரெண்டாவதுல கடைசிப் படியை மட்டும் அவங்க போடட்டும், மூணாவதுல பாதியை, அப்புறம் முழுசா. இது கூட ஆக்டிவ் லேர்னிங் தான். இன்னொரு பக்கம் ஷ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்ட் 1998-ல காட்டுனது என்னன்னா, மாணவர்கள் முதல்ல எதிரும் புதிருமான தரவுகளைத் தாங்களே ஆராய்ஞ்சு வித்தியாசத்தைத் தேடிட்டு அப்புறம் லெக்சர் கேட்டா, அந்தப் பாடத்தைப் படிச்சுச் சுருக்கம் எழுதிட்டு லெக்சர் கேட்டவங்களைவிட நல்லா கத்துக்கறாங்க. ரெண்டும் முரண் மாதிரி தெரியும், ஆனா இல்ல. செய்முறை தெரியாதப்ப காட்டிக் குடுக்கணும். ஒரு கருத்து எதுக்காக வந்துச்சுன்னே தெரியாதப்ப, அது தேவைப்படற இடத்துல முதல்ல கொஞ்சம் முட்டி நிக்க விடணும். அந்தத் தேவை வந்த பிறகு நீங்க பத்து நிமிஷம் பேசுனா ஒரு வார்த்தை வீணாகாது. லெக்சரோட இடம் மாறுது, அவ்வளவு தான்.

சிலபஸ் தான் பெரிய பயம். நேரம் குறையும், அதை மறைக்க முடியாது. ஆனா சிலபஸை முடிச்சது யாருங்கற கேள்வியும் இருக்கு, நீங்க முடிச்சீங்க, அவங்க எங்க நிக்கறாங்கங்கறது எக்ஸாம்ல தான் தெரியுது. வரையறை, தேதி, வகைப்பாடு, நிறுவல்ல வர்ற இயந்திரத்தனமான படிகள் இதெல்லாம் படிச்சே தெரிஞ்சுக்கலாம், அதைக் கிளாஸுக்கு முன்னாடி நாலு பக்கம் வாசிக்கக் குடுங்க, நாப்பது பக்கம் குடுத்தா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. கூடவே ரெண்டு சின்னக் கேள்வி, மூணாவதா "இதுல எது குழப்பமா இருந்துச்சு?"ன்னு ஒண்ணு, அதுக்குத் துளி மார்க் வைங்க. முந்தின நாள் ராத்திரி அந்தப் பதில்களைப் புரட்டிப் பார்த்தாலே மறுநாள் கிளாஸ்ல எதைப் பேசணும், எதைத் தாண்டிப் போகலாம்னு தெரிஞ்சுடும். வாசிக்காம வர்றாங்களேன்னு இரக்கப்பட்டு அதையே கிளாஸ்ல மறுபடி சொல்லாதீங்க, ஒரு தடவை சொன்னா அப்புறம் யாரும் வாசிக்கப் போறதில்ல.

ஒவ்வொரு கிளாஸையும் போன வாரப் பாடத்துல இருந்து ரெண்டு கேள்வியோட ஆரம்பிங்க, நோட்டை மூடி வச்சு. ரோடிகர், கார்ப்பிக்கி 2006-ல பண்ணுன சோதனையில, ஒரு பத்தியைத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முன்னாடி இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு, படிச்சுட்டு நினைவுல இருந்து எழுதிப் பார்த்தவங்க 56 சதவீதம் ஞாபகம் வச்சிருந்தாங்க, திரும்பப் படிச்சவங்க 42 சதவீதம் தான். நினைவுல இருந்து இழுத்து எடுக்கறதே கத்துக்கறது. இதுக்கு உங்களுக்கு ஆகற செலவு அஞ்சு நிமிஷம்.

பசங்க எதிர்ப்பாங்க. எம்.ஐ.டி-யில இயற்பியலை லெக்சர்ல இருந்து மேசை சுத்தி உட்கார்ந்து பண்ற முறைக்கு மாத்துனப்ப மாணவர்கள் மனுவே குடுத்தாங்க, பழையபடி லெக்சர் வேணும்னு. ஆனா ஃபெயில் ஆகறவங்க எண்ணிக்கை குறைஞ்சது. "நீங்க சொல்லிக் குடுக்கறதுக்குத் தானே வந்தோம்"னு உங்ககிட்டயும் வரும், கோபப்படாதீங்க. முதல் நாளே வெளிப்படையா சொல்லிடுங்க, இந்தக் கிளாஸ்ல திணறுவீங்க, புரியாத மாதிரி இருக்கும், அப்படி இருக்கும்போது தான் அதிகம் கத்துக்கறீங்கன்னு, அந்த 2019 ஆய்வையே எடுத்துக் காட்டுங்க. மூணு வாரம் கழிச்சு அவங்களோட முதல் டெஸ்ட்டைக் காட்டியும் பேசுங்க. அதைவிட முக்கியமா எக்ஸாம் பேப்பரைப் பாருங்க. கிளாஸ்ல "ஏன்"னு பேச வச்சுட்டு எக்ஸாம்ல "வரையறு, பட்டியலிடு"ன்னு மட்டும் கேட்டா பசங்க டிஸ்கஷனை மதிக்க மாட்டாங்க, அது நியாயம் தான். பல்கலைக்கழகப் பேப்பர் உங்க கையில இல்லாம இருக்கலாம், உங்க கையில இருக்கற டெஸ்ட்லயாவது நாலுல ஒரு கேள்வி கிளாஸ்ல நடந்த மாதிரி இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, ட்ரெயினிங்ல ஒரு முக்கோணப் படம் போட்டிருப்பாங்க, படிச்சா 10 சதவீதம் ஞாபகம் இருக்கும், கேட்டா 20, சொல்லிக் குடுத்தா 90-ன்னு. அந்த எண்களுக்கு ஆதாரமான ஆய்வே கிடையாது. எட்கர் டேல்ங்கறவர் 1946-ல வரைஞ்ச ஒரு கூம்புப் படத்துல பிற்பாடு யாரோ எண்களை ஒட்டிட்டாங்க, அவர் படத்துல எண்ணே இல்ல. அந்தப் படத்தை யாராவது கிழிச்சுக் காட்டுனா மொத்த விஷயமே பொய்னு ஆயிடும்ங்கறதால சொல்றேன். உண்மையான ஆதாரம் போதுமான அளவு இருக்கு, அதைச் சொல்லுங்க.

ஆரம்பிக்கறது இப்படி: ஒரே ஒரு பேப்பரை, அதாவது ஒரு பாடத்தை எடுங்க, உங்களுக்கு ரொம்ப பழக்கமானது எதுவோ அது. எல்லா கிளாஸையும் மாத்தாதீங்க, ஒரு கிளாஸுக்கு ஒரு கேள்வி. நடுவுல வைங்க, கடைசியில வச்சா நேரம் இல்லாம போயிடும். ஒரு செமஸ்டர் அவ்வளவு மட்டும் போதும், மத்த நேரம் வழக்கமான லெக்சரே போகட்டும். ரெண்டாவது செமஸ்டர் ரெண்டு கேள்வியாக்குங்க, முன்கூட்டி வாசிக்கறதைச் சேருங்க. கேள்வி சொதப்புனா, எல்லாரும் சரியா சொல்லிட்டாங்க இல்ல யாருக்குமே புரியலன்னா, அன்னைக்கே நோட்டுல ஒரு வரி எழுதி வைங்க, அடுத்த வருஷம் அந்த ஆப்ஷனை மாத்துங்க. கூட வேலை பார்க்கற ஒருத்தர் கிடைச்சா ரெண்டு பேரும் கேள்விகளைப் பகிர்ந்துக்கோங்க, தனியா பண்றவங்க ரெண்டாவது வருஷம் விட்டுடறதை நான் நிறைய பார்த்திருக்கேன், ஜோடியா பண்றவங்க நீடிக்கறாங்க.

பலன் இருக்கான்னு தெரிஞ்சுக்க பசங்க உங்களுக்குக் குடுக்கற மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்க்காதீங்க. பந்து கேள்வியையே மாத்தி, மூணு வாரம் கழிச்சு, முன்னறிவிப்பு இல்லாம, சரிவுல மேல்நோக்கி உருண்டு போற ஒரு வண்டியா போடுங்க, தள்ளிவிட்ட கை எப்பவோ விலகியாச்சு. எத்தனை பேர் இன்னும் வண்டியைச் சரிவுல மேல தள்ற விசை ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்கன்னு எண்ணுங்க, போன வருஷம் வெறும் லெக்சர்ல போன அதே பேப்பரோட எண்ணிக்கை இருந்தா பக்கத்துல வைங்க. அந்த ரெண்டு எண்ணும் உங்க கையில இருந்தா, ட்ரெயினிங்ல சொன்னதையும் நான் இங்க சொன்னதையும் வச்சு நீங்க முடிவெடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.